அக்கா திருத்திய வாக்கியம்

போன ஆண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்று, “எப்படி? நேத்துகூடப் பார்த்தேனே?” என்று கேட்ட நீங்கள்தான் இன்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அன்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஓராண்டு முடிந்து, படத்துக்கு மாலை போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கும் இன்றும் இல்லை. அக்காவுக்குச் சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் இடுப்பளவு சேற்றில் எங்களை முந்திக்கொண்டு நடந்தவர். அவர் இறந்துவிட்டார் என்று எழுதும்போது யாரைப் பற்றியோ பொய் எழுதுவது போல இருக்கிறது.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். எங்கள் குடும்பத்தில் எழுதுகிறவர் அக்கா ஒருவர்தான். அக்காவின் கணவர், எங்கள் மாமா, எழுதட்டும் என்று பார்த்தோம். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தும் அவர் இரண்டு முறை உட்கார்ந்தார், இரண்டு முறையும் எழுந்து போய்விட்டார். அக்கா மகளும் என்னையே எழுதச் சொன்னாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை ஏழரை மணிக்கு அக்கா கைப்பேசியில் அழைத்தார்.

“இன்னாடா, டூட்டிக்குப் போயிட்டியா?”

“கேட்டாண்ட கீறேன்க்கா. இன்னா விசயம்?”

“இன்னிக்குக் கடைசி மீட்டிங். இத்தினி வருசமா இழுத்துக்கினு இருந்தது இன்னிக்கு முடியப் போவுது. சாயங்காலம் வூட்டுக்கு வந்துடு. சங்கரா மீன் கெடைச்சா வாங்கினு வா.”

“நீ சாப்ட்டியா?”

“ஆச்சு, ஆச்சு. வை.”

கிரேனில் ஏறும்போது கைப்பேசியைக் கீழே பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. மேலே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் கண்டெய்னரும் கப்பலும் கடலும்தான். பத்தரை மணிக்குத் தேநீருக்கு இறங்கிப் பெட்டியைத் திறந்தேன். மாமாவிடமிருந்து பதினாறு அழைப்புகள். அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. எந்த நேரமும் வரலாம் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்த செய்தி அது. மாமா எடுத்ததும், “அம்மாவா?” என்று கேட்டேன்.

“அம்மா இல்லப்பா. அக்கா” என்றார்.

“எந்த அக்கா?” என்று கேட்டேன்.

எனக்கு இருந்தது ஒரே அக்கா.

அக்கா கத்திவாக்கத்தில் பிறந்தவர், எங்கள் பெற்றோரின் முதல் குழந்தை. எங்கள் நைனா கடலில் கட்டுமரம் போட்டவர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் எண்ணூர் கழிமுகத்தில் இறங்கி வலை கட்டுவார், கையாலும் இறால் பிடிப்பார். அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர் சந்தைக்குப் போவார். நைனா கொண்டுவந்து கொட்டும் மீனைத் தரம் பிரிப்பது சிறு வயதில் அக்காவின் வேலை. விற்காத குஞ்சுகளை, பெயர் தெரியாத நண்டுகளை, முள்ளு முள்ளாக இருந்த எதையெல்லாமோ அவர் ஊறுகாய் பாட்டிலில் உப்புத்தண்ணீர் ஊற்றிப் போட்டு வைப்பார். மூன்றாம் நாள் வீடே நாறும். “கலீஜு புடிச்சவளே, சோறு துன்ற வூட்டுல இன்னாடி இது?” என்று அம்மா பாட்டிலோடு தெருவில் வீசுவார். அக்கா பொறுக்கி வந்து மறுபடி வைப்பார். அந்தப் பிடிவாதம் கடைசி வரை குறையவில்லை.

மாநகராட்சிப் பள்ளி, பிறகு இராயபுரம் பக்கம் கல்லூரி, அதன்பின் உயிரியலில் முதுகலை, முனைவர் பட்டம். எங்கள் தெருவில் யாரும் போகாத தூரம். வீட்டில் பாடம் சொல்லித் தர ஆளில்லை. ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒரு பக்கம் ஒரு பக்கமாகப் படித்தார். கழிமுகத்தில் வாழும் இறாலும் நண்டும் அலையாத்திச் செடிகளும்தான் அவருடைய ஆராய்ச்சி. “எங்க நைனா வலையிலதான் என் ஆராய்ச்சி ஆரம்பிச்சது” என்று எல்லாரிடமும் சொல்வார். அதே வலையில்தான் அவருக்கு முதல் அடியும் விழுந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும். மேடை கிடைத்த இடத்திலெல்லாம் அக்கா தாமே அதைச் சொன்னவர்.

பட்டம் வாங்கிய கையோடு, கழிமுகத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தரும்படி அரசு அலுவலகம் ஒன்று அக்காவைக் கேட்டது. இரண்டு ஆண்டுகள் உழைத்து எழுதிக் கொடுத்தார். தடித்த அறிக்கை. எந்த இடத்தில் எந்த உயிர் வாழ்கிறது, எந்த மாதத்தில் பெருகுகிறது என்று எல்லாம் அதில் இருந்தது. நடுவில் ஓர் இடத்தில், “இறால் குஞ்சுகள் வளரும் பகுதிகளில் மனித நடமாட்டத்தைக் குறைப்பது நலம் பயக்கும்” என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்.

அந்த அறிக்கையிலிருந்து அலுவலகம் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான். சில மாதங்களில் கரையோரம் பலகை முளைத்தது. பாதுகாக்கப்பட்ட பகுதி, உள்ளே நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். ஒரு மதியம், காவலுக்கு வந்தவர்கள் தண்ணீரில் இருந்த வலைகளை அறுத்துக் கரையில் போட்டார்கள். நைனாவுடைய வலையும் அதில் ஒன்று.

நான் அப்போது வீட்டில் இருந்தேன். நைனா அறுந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஈரம் சொட்டச் சொட்ட அதை அக்காவின் மேசை முன் போட்டார்.

“ஆபீசர் சொல்றாரு, ஒன் பொண்ணு எய்திக் குடுத்துதான் இந்தச் சட்டம் வந்துச்சாம். இன்னா எய்துன? படி, கேக்குறேன்.”

அக்கா ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னார்.

“மனித நடமாட்டம்னா யாரு?” என்று நைனா கேட்டார்.

அக்கா குனிந்து அறுந்த வலையைத் தொட்டார்.

“லாரில மண்ணு கொண்டாந்து கொட்டுறான், அது நடமாட்டம் இல்லியா? கரண்டு கம்பெனில இருந்து சுடுதண்ணி வந்து வுய்து, அது நடமாட்டம் இல்லியா? கால வெச்சி எறங்குறது நாங்க தானே. அப்ப அந்த நடமாட்டம் நான்தானே?”

“நைனா, நான் ஒன்ன நெனச்சி எய்தல.”

“அத்ததான் சொல்றேன். நீ என்ன நெனைக்கவே இல்ல.”

அதன் பிறகு ஏழு மாதம் நைனா அக்காவோடு பேசவில்லை. அக்கா சாப்பிட உட்கார்ந்தால் அவர் எழுந்துவிடுவார். தெருவில் சில வீடுகளில் அக்காவைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டில் உலை வைக்காத நாட்களும் அந்த ஏழு மாதத்தில் இருந்தன. நான் படிப்பை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் சுமை வேலைக்குப் போனது அப்போதுதான். அதற்காக அக்கா என்னிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் பின்னாளில் நான் கிரேன் ஓட்டும் தேர்வுக்குப் படித்தபோது தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை வந்திருந்தது. “போயிடு. இங்க இன்னா கீது ஒனக்கு?” என்று அம்மாகூடச் சொன்னார். அக்கா போகவில்லை. ஒரு பழைய புடவையைக் கட்டிக்கொண்டு கழிமுகத்தில் இறங்கினார். பலகையையும் மீறி, வேறு வழியில்லாமல், அங்கே இன்னும் சில பெண்கள் கையால் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் தேசம்மா அத்தை. உறவு இல்லை, தெருவே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி, சேற்றைக் கையால் துழாவிப் பிடிக்கும் வேலை அது.

“நீதானே எங்கள வெளிய போவச் சொல்லி எய்துன? இப்ப இன்னாத்துக்கு வந்த?” என்று அத்தை கேட்டாராம்.

“தப்பா எய்திட்டேன் அத்தை. நீங்க பிடிக்கிறத எண்ணிப் பார்க்கணும்.”

“எண்ணு. கை வேற சும்மாதானே கீது, புடிச்சிக்கினே எண்ணு.”

அப்படி இரண்டு ஆண்டுகள். வெள்ளம் ஏறும்போதும் வற்றும்போதும், மழையிலும் வெயிலிலும். முதல் சில மாதங்களில் ஒரு நாள் நைனா கரையில் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சத்தமாக, “அங்க நிக்காதே, பள்ளம் கீது. ரெண்டு அடி இப்பால வா” என்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு அக்காவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அக்கா தண்ணீரில் நின்றபடியே அழுதார் என்று தேசம்மா அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு ஆண்டுகளில் அக்கா கண்டுபிடித்ததை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கையால் பிடிக்கும் பெண்கள் பெரிய இறாலை மட்டும் எடுத்துக் குஞ்சைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் இறங்கும் இடத்தில் இறால் குறையவில்லை. குறைந்தது, அனல்மின் நிலையத்தின் சூடான கழிவுநீர் வந்து சேரும் இடத்திலும், சாம்பல் படிந்து மேடான இடத்திலும், முகத்துவாரம் தூர்ந்த பக்கத்திலும்தான். இதை எழுதியதோடு அக்கா நிற்கவில்லை. “என் முந்தைய அறிக்கையில் உள்ள வாக்கியம் தவறு” என்று தம் பெயரைப் போட்டே ஆய்விதழில் எழுதினார். அவருக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் வீட்டுக்கே வந்து, “புதுசா கண்டுபிடிச்சதை மட்டும் எழுது. பழசைத் தப்புன்னு சொல்லாதே. இனி உன்னை யார் நம்புவாங்க?” என்றார். “அந்தப் பழசாலதான் சார் எங்க வீட்டு வலையை அறுத்தாங்க” என்றார் அக்கா.

ஓர் ஆய்வுக் கட்டுரையால் பலகை விழுந்துவிடாது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கோப்பு அலுவலகம் அலுவலகமாகப் போக வேண்டும். கோப்பு போன இடமெல்லாம் அக்காவும் போனார். எந்த வார்த்தை சட்டத்தில் எப்படிப் பொருள்படும் என்று வழக்கறிஞர்களிடம் போய்க் கற்றார். இறாலைப் பற்றிப் படித்தவர் அரசாணை மொழியையும் படித்தார். “பூச்சி புழு பேரைவிட இது கஷ்டம்டா. ஒரு ‘லாம்’ போட்டா ஒரு மாதிரி, ‘வேண்டும்’ போட்டா வேற மாதிரி” என்பார்.

ஒருமுறை, புதிதாகப் பொறுப்பேற்ற இளம் அதிகாரி ஒருவரைக் கழிமுகத்துக்கே அழைத்து வந்துவிட்டார். அவர் பளபளக்கும் ஷூவோடு வந்தார். தேசம்மா அத்தை தண்ணீரில் இருந்தே, “சார், அத்த கயட்டிடு. சேறு உள்ள இய்த்துக்கினா திருப்பிக் குடுக்காது” என்றார். அதிகாரி சிரித்துவிட்டுக் கழற்றாமலே காலை வைத்தார். ஒரு ஷூ போயே போய்விட்டது. இன்றும் அது அங்கேதான் இருக்கும். அக்கா அவரைக் கழிவுநீர் வந்து சேரும் வாய்க்கால்வரை நடத்திப் போய், “கையை வெச்சுப் பாருங்க சார்” என்றார். அவர் வைத்தார், உடனே எடுத்தார். அடுத்த மாதமே பலகை எடுக்கப்பட்டது.

நைனா மறுபடி தண்ணீரில் இறங்கினார், இன்னும் பல ஆண்டுகள் இறங்கினார். அவர் காலமானபோது அக்கா பக்கத்தில் இருந்தார். அது எதிர்பார்த்த சாவு, எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்த சாவு. அக்காவுக்கு அது வாய்க்கவில்லை.

பலகை போனாலும் பழைய ஆணை கோப்பில் உயிரோடுதான் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். அதை நீக்கிவிட்டு, கழிமுகத்துக்கு என்றே முழுமையான விதிகள் கொண்டுவர வேண்டும் என்று அக்கா விடாமல் உழைத்தார். எவ்வளவு சூடான நீரை விடலாம், எங்கே மண் கொட்டக் கூடாது, அலையாத்திச் செடிகளை யார் காப்பது, தண்ணீரில் யார் இறங்கலாம் என்று எல்லாம் அதில் உண்டு. அந்த விதிகளை முடிவு செய்யும் கூட்டத்துக்குத்தான் அன்று காலை கிளம்பினார். ஷூவைப் பறிகொடுத்த அதே அதிகாரிதான், தலை நரைத்து, இன்று குழுவின் தலைவர்.

ஆட்டோவில் போகச் சொன்னார் மாமா. “ரயில்ல போனா உக்காந்துகினு படிக்கலாம்” என்று சொல்லிவிட்டு அக்கா கத்திவாக்கம் ரயில் நிலையத்துக்கு நடந்தார். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது உயிர் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களிடமும் ஒன்றும் இல்லை. நான் துறைமுகத்து உடையோடு போய் நின்றேன். முகத்தில் நோயின் அறிகுறியே இல்லை. கூட்டத்தில் பேச வேண்டியதை யோசித்துக்கொண்டிருப்பவர் போலவே படுத்திருந்தார்.

காவலர் ஒருவர் அக்காவின் பையைக் கொடுத்தார். தண்ணீர் பாட்டில், திறக்காத சாப்பாட்டு டப்பா, விதிகளின் வரைவு. வரைவில் ஓர் இடத்தில் சிவப்பு மை. “கையால் இறால் பிடிப்போர் அனுமதிக்கப்படலாம்” என்று இருந்ததில் கடைசிச் சொல்லை அடித்து, மேலே “உரிமை உடையோர்” என்று எழுதியிருந்தார். நான்கு முறை திருத்திக் கொடுத்தும் நான்கு முறையும் ‘அனுமதி’ திரும்பி வந்ததாக முந்தின வாரம்தான் என்னிடம் கோபப்பட்டிருந்தார். “அனுமதி குடுத்தவன் நாளைக்கு எடுத்துக்குவான்டா” என்றார்.

கூட்டத்தை மூன்று வாரம் தள்ளி வைத்தார்கள். காரியம் முடிந்தபின் அந்த அதிகாரியே வீட்டுக்கு வந்தார், படத்தின் முன் நின்றார். “அவங்க இடத்தில் பேச ஒருத்தர் வரணும்” என்றார். எங்களில் யாருக்கு அந்தத் தகுதி? மூலையில் இருந்த தேசம்மா அத்தை, “நான் போறேன். இந்தத் தம்பி கூட வரட்டும்” என்றார்.

நான் விடுப்புப் போட்டு அழைத்துப் போனேன். குளிரூட்டிய அறை, நீள மேசை. ஒவ்வொரு விதியாகப் படித்தார்கள். அந்த வாக்கியம் வந்ததும் அத்தை கையைத் தூக்கினார்.

“அனுமதின்னு எய்திக்கீது. யாரு யாருக்குக் குடுக்குறது?”

ஒருவர், “அம்மா, உரிமைன்னு போட்டா மேல கேள்வி கேப்பாங்க” என்றார்.

“கேக்கட்டும். வந்து தண்ணில எறங்கிக் கேக்கச் சொல்லு. அந்தப் பொண்ணு இந்த ஒரு எய்த்துக்குத்தான் வந்துகினு இருந்துச்சி. வர வயில வுய்ந்துட்ச்சி. எங்கள நீங்க நேத்து வந்த ஆளுங்க மாரி எய்துனா, நான் எந்திரிச்சிப் போயிக்கினே இருப்பேன்.”

அதிகாரி தம் பேனாவை எடுத்து, தம் கையாலேயே அடித்து, ‘உரிமை உடையோர்’ என்று எழுதினார். இந்த ஆண்டு ஆணை வெளிவந்தது. அக்கா கேட்டதெல்லாம் அதில் இல்லை. மண் கொட்டி மூடிய இடத்தை மீட்பது பற்றி ஒரு வரியும் இல்லை. நீரின் சூடு பற்றிய விதியில் அக்கா வெறுத்த ‘லாம்’ இன்னும் இருக்கிறது. ஆனால் இறால் பிடிப்போர் வாக்கியம் அக்கா திருத்தியபடியே இருக்கிறது. அதை அம்மாவுக்கு இருமுறை படித்துக் காட்டினேன். “அவ வந்ததும் காட்டு” என்றார் அம்மா. பிறகு தாமே வாயைப் பொத்திக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். செய்தி கேட்டதும் கடலுக்குப் போகாமல் நின்ற கத்திவாக்கத்துப் படகுக்காரர்கள். மீஞ்சூரிலிருந்தும் வள்ளூரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்த உறவினர்கள். காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த தெருப் பெண்கள். அவர்களில் அன்று கதவைச் சாத்தியவர்களும் இருந்தார்கள். அக்காவின் குறிப்பேடுகளை எடுத்துப் போய் வேலையைத் தொடரும் அவருடைய மாணவிகள். கிரேனில் என் முறையைப் பதினாறு நாள் பார்த்துக்கொண்ட தோழர்கள். நடைமேடையிலிருந்து அக்காவைத் தூக்கி ஓடிய, பெயர் சொல்லாமல் போய்விட்ட ஆட்டோக்காரர். எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்னும் ஒருவர். அக்கா சரிந்தபோது தலை தரையில் மோதாமல் பிடித்து மடியில் வைத்துக்கொண்டவர், நடைமேடையில் கொய்யா விற்கும் ஓர் அம்மா. அவரைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. “கடைசியா எதுனா சொன்னாங்களா?” என்று கேட்டேன். எங்களுக்காக ஏதாவது ஒரு சொல் இருந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல தம்பி. ‘அடுத்த வண்டி எப்போம்மா?’ன்னாங்க. ‘இதோ வந்துரும்’னேன். ‘செரி, இருக்கேன்’னாங்க. அவ்ளோதான்.”

அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று வண்டிகள் வந்து போகும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.